22 மாதக் குழந்தைக்கு எல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை

கேள்வி: புதுத்தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 22 மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. செருப்பை எடுத்துக்கொண்டு வா என்றால் எடுத்து வருகிறாள். விளக்கு எங்கே என்று கேட்டால் அண்ணாந்து பார்க்கிறாள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவாள், அதற்கும் நாங்கள் மசியவில்லை என்றால் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காரியத்தை முடித்துக்கொள்வாள். ஆனால் அவள் வாயிலிருந்து வரும் சொற்களை எண்ணிப் பார்த்தால் அம்மா, அப்பா, தாத்தா, வா, போ, இந்தா என்று மொத்தம் 12தான் தேறுகின்றன. அவளைவிட ஒரு மாதம் இளையவனான பக்கத்து வீட்டுப் பையன் "அம்மா வா", "பந்து காணோம்" என்று இரண்டிரண்டு சொற்களாகச் சேர்த்துப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு கலக்கம் ஏற்படுகிறது.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. குழந்தை 3 கோடி சொற்களைக் கேட்டு வளர வேண்டும் என்று எங்கோ படித்ததிலிருந்து, அவள் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். விலங்குகள், வாகனங்கள், நிறங்கள் என 80 படஅட்டைகள் வாங்கி, தினமும் மாலையில் அரை மணி நேரம் உட்கார வைத்து "இது என்ன?" என்று கேட்டுக் கற்றுத் தருகிறேன். பத்தாவது அட்டைக்குள் அவள் எழுந்து ஓடிவிடுகிறாள். கைப்பேசியில் குழந்தைகளுக்கான சொற்பயிற்சிக் காணொளிகளும் போட்டுக் காட்டுகிறோம். அவற்றை மட்டும் அசையாமல் பார்க்கிறாள்.

என் மனைவியின் தாய்மொழி வேறு. அவர் தம் மொழியிலும் நான் தமிழிலும் மகளிடம் பேசுகிறோம். இரண்டு மொழி பேசுவதால்தான் பிள்ளை குழம்புகிறது, ஒன்றை நிறுத்துங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். உன் பெரியப்பாவே 3 வயதில்தான் வாய் திறந்தார், பேசாமல் இரு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை. இந்த வயதில் இது தாமதம்தானா, நான் செய்வதில் எதைத் தொடரலாம், எதை விட்டுவிடலாம் என்று விவரமறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: காதும்நாவும்

வணக்கம். நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி வருபவள். குழந்தையை நேரில் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் நம்பிக்கை தரும் செய்திகளும் இருக்கின்றன, உடனே கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன.

சொல்வதைப் புரிந்துகொள்கிறாள், விரல் நீட்டிக் காட்டுகிறாள், தன் விருப்பத்தைத் தெரிவிக்க உங்களைத் தேடி வருகிறாள் என்பவை மூன்றும் மிக நல்ல அறிகுறிகள். புரிதல் எப்போதும் பேச்சுக்கு முன்னால் ஓடுகிறது. அன்றாடம் கேட்கும் சில சொற்களின் பொருளைக் குழந்தைகள் 6 முதல் 9 மாதங்களுக்குள்ளாகவே பிடித்துவிடுகிறார்கள் என்று 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. விரலால் சுட்டுவதையும் அற்பமாக எண்ண வேண்டாம். 14 மாதத்தில் கையசைவுகளால் அதிகம் பேசிய குழந்தைகளுக்குப் பள்ளி செல்லும் பருவத்தில் சொல்வளமும் அதிகமாக இருந்ததை 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது.

அடுத்து, அந்த 12 என்ற கணக்கு. நீங்கள் பெரியவர்களின் உச்சரிப்பில் வந்தவற்றை மட்டும் எண்ணியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் அநேகமாக எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தவறாமல் சொன்னால், அது எவ்வளவு சிதைந்திருந்தாலும் ஒரு சொல்தான். கதவைப் பார்த்து எப்போதும் "தவு" என்றால் அது சொல். வண்டிக்கு "டுர்ர்", பசுவுக்கு "ம்பா", உணவுக்கு "மம்மு" என்றால் அவையும் சொற்களே. உங்கள் மனைவியின் மொழியில் சொல்பவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு தாளை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மீது ஒட்டி, ஒரு வாரம் வீட்டிலுள்ள எல்லோரும் காதில் விழுவதை எழுதிவையுங்கள். சிகிச்சையாளரிடம் போகும்போதும் அந்தத் தாள்தான் அதிகம் பயன்படும்.

அளவுகோல் என்று கேட்டால், 2 வயது நிறைவடையும்போது ஏறத்தாழ 50 சொற்களும், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்குவதும் இருக்க வேண்டும் என்பதைத்தான் எங்கள் துறையினர் பலர் நெடுங்காலமாகப் பின்பற்றி வருகிறோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட பட்டியல், நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளாவது எட்டியிருக்கும் திறன்களைக் குறிப்பது. அதில் இரு சொற்களைச் சேர்ப்பது 2 வயதிலும், சுமார் 50 சொற்கள் என்பது 30 மாதத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. எந்த அளவுகோலை எடுத்துக்கொண்டாலும் உங்கள் மகள் எல்லைக்கோட்டின் அருகில்தான் நிற்கிறாள். எனவே பெரியப்பாவின் கதையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பின்னர் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எட்டிப் பிடிக்கப் போகும் குழந்தை எது, உதவி தேவைப்படும் குழந்தை எது என்பதை 22 மாதத்தில் எவராலும் நிச்சயமாகச் சொல்ல இயலாது என்பதும் உண்மை. முதலில் காது கேட்புச் சோதனை, அதன் பிறகு பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் ஒரு மதிப்பீடு. ஏற்கெனவே பேசிய சொற்களை இழந்துவிட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது; நல்லவேளையாக நீங்கள் அப்படி எதையும் குறிப்பிடவில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். அந்த 3 கோடிக் கணக்கு 1995-இல் வெளிவந்த ஒரு நூலிலிருந்து வந்தது. 42 குடும்பங்களை, மாதம் ஒரு மணி நேரம் என்று சுமார் இரண்டரை ஆண்டுகள் பதிவுசெய்து, அதைப் பெருக்கிப் பெற்ற மதிப்பீடு அது. வசதியுள்ள வீட்டுக்கும் வறிய வீட்டுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைச் சொன்னதே தவிர, ஒரு குழந்தை இத்தனை சொற்களைக் கேட்டாக வேண்டும் என்று விதித்தது அன்று. அதன் கணக்கீட்டு முறை பின்னாளில் கடுமையான விமர்சனத்துக்கும் உள்ளானது. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகப் படுகிறது. 4 முதல் 6 வயது வரையிலான 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, கதை கேட்கும்போது அவர்களுடைய மூளை எவ்வாறு இயங்குகிறது என்றும் பார்த்தார்கள். பெரியவர்கள் எத்தனை சொற்கள் பேசினார்கள் என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள் என்பதே மொழிக்குரிய மூளைப் பகுதியின் இயக்கத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

நீங்கள் விழித்த நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தால் அவளுடைய முறை எப்போது வரும்? கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்கறையுள்ள பெற்றோர் செய்யும் தவறு இது. ஒன்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி, மனத்துக்குள் 5 வரை எண்ணுங்கள். அந்த 5 நொடிகள் பெரியவர்களுக்கு ஒரு யுகம் போலத் தோன்றும். குழந்தைக்கோ, கேட்டதை வாங்கி, சொல்லைத் தேடி, உதட்டையும் நாக்கையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ள அந்த நேரம் தேவைப்படுகிறது. அவள் சொல்லாகத்தான் பதில் தர வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பார்வை, ஒரு முனகல், நீட்டிய விரல் எதுவானாலும் அதை அவளுடைய முறையாக எடுத்துக்கொண்டு, அவள் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லாக்கித் திருப்பிக் கொடுங்கள்.

படஅட்டையில் உள்ள சிக்கல் அட்டை அன்று, யார் பார்வை எங்கே இருக்கிறது என்பதுதான். நீங்கள் யானைப் படத்தை நீட்டும் நேரத்தில் அவள் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கணத்தில் அவள் மனத்தில் ஒட்டக்கூடிய சொல் "தாழ்ப்பாள்", "யானை" அன்று. குழந்தையின் கவனத்தை நம் பக்கம் திருப்பிச் சொல்லித் தருவதைவிட, அது ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் சொல்வதே சொல்வளர்ச்சிக்கு உதவுகிறது என்பது 1986-இலேயே சோதித்துக் காட்டப்பட்ட ஒன்று. ஆகவே அரை மணி நேர வகுப்பை நிறுத்திவிட்டு, அவள் கண் போகும் இடத்துக்கு உங்கள் கண்ணும் போகட்டும். "இது என்ன?" என்ற கேள்வியையும் குறைத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வி பரீட்சைதான். பெரியவர்களே பரீட்சை என்றால் எழுந்து ஓடத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று. வீட்டில் அவள் கை நீட்டுவதற்கு முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். கேட்கத் தேவையில்லாத வீட்டில் கேட்பதற்கான சொல்லும் தேவைப்படுவதில்லை. அதற்காகக் குழந்தையை அழவைத்து, சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். விருப்பமான பொம்மையை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவள் உங்களிடம் திருப்பித் தருவாள். "தொறக்கணுமா? தொற!" என்று சொல்லி, ஒரு கணம் தாமதித்து, அவள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் திறந்து கொடுங்கள். இருபது முறை நீங்கள் சொல்வீர்கள். இருபத்தோராவது முறை என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

பதில்: இரண்டாம்பிள்ளை

மேலே சொல்லப்பட்டவற்றில் காது கேட்புச் சோதனையை மட்டும் நான் அடிக்கோடிட விரும்புகிறேன், ஏனெனில் அதில் நாங்கள் ஏழு மாதங்களை வீணாக்கினோம்.

என் இளைய மகனும் 2 வயதில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தான். கூப்பிட்டால் திரும்புவான், பாட்டுக்கு ஆடுவான், கதவு தட்டினால் ஓடுவான். ஆகவே காதில் குறை இருக்கும் என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை. பிறந்தவுடன் செய்த சோதனையிலும் தேறியிருந்தான். நாங்கள் முதலில் காட்டிய மருத்துவரும், பையன்கள் சற்றுத் தாமதமாகத்தான் பேசுவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு வேறொருவர் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடித்தார். அடிக்கடி சளி பிடித்ததன் விளைவு அது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் வடியவும் இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கேட்பது போல அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. உரத்த ஓசைகள் எட்டின, ஆனால் "ச", "ப", "க" போன்ற மெல்லிய ஒலிகள் கலங்கிப் போயின. கலங்கலாகக் கேட்பதைக் கலங்கலாகத்தானே திருப்பிச் சொல்ல முடியும்?

கேட்புச் சோதனை என்றவுடன், இத்தனை சிறிய குழந்தை எப்படி ஒத்துழைக்கும் என்று நானும் பயந்தேன். உள்காதின் எதிரொலிப்பைப் பதிவுசெய்யும் சோதனைக்குக் காதில் ஒரு சிறு முனையை வைத்துச் சில நிமிடங்கள் அமைதியாக இருந்தால் போதும். செவிப்பறையின் அசைவை அளக்கும் மற்றொரு சோதனை அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. தேவைப்பட்டால் தூங்கும்போது செய்யும் சோதனையும் உண்டு. கேட்புத்திறன் வல்லுநரிடம் போகும்போது, பிறந்தபோது செய்த சோதனையில் தேறிவிட்டாள் என்பதைச் சொல்லுங்கள். ஆனால் அதையே காரணமாக வைத்து இப்போதைய சோதனையைத் தவிர்க்க வேண்டாம். காதுநீர் பிறந்த பிறகு வருவது.

நாக்கு ஒட்டியிருக்கிறது, அதை வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்றும் எங்களுக்கு ஒருவர் ஆலோசனை சொன்னார். நாக்கின் அடியிலுள்ள இழை சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாமே தவிர, ஒரு குழந்தைக்குச் சொற்களே வராமல் போவதற்கு அது காரணமாகாது என்று எங்கள் சிகிச்சையாளர் விளக்கினார். உங்களிடமும் யாராவது சொல்லக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பதில்: கரும்பலகை

நான் மருத்துவத் துறையைச் சார்ந்தவன் அல்லன். மழலையர் வகுப்புகளில் நீண்ட காலம் இருந்த தமிழாசிரியன். உங்கள் 80 அட்டைகளைப் பற்றி எனக்கு வேறொரு குறை உண்டு. அவை எல்லாமே பெயர்ச்சொற்கள்.

நம் மொழியில் ஒரு வீட்டுப் பேச்சைக் கவனித்துக் கேளுங்கள். "எடு", "போடு", "குடு", "உக்காரு", "வேணாம்", "போச்சு", "வந்தாச்சு" என்று வினைகள்தான் தனித்து நிற்கின்றன; பெயர்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறோம். பந்து கையில் இருக்கும்போது யாரும் "பந்தைப் போடு" என்று முழுதாகச் சொல்வதில்லை, "போடு" என்பதோடு சரி. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால் குழந்தையின் காதில் இறுதியாக நிற்பதும் அதுவே. கொரிய மொழியிலும் சீன மொழியிலும் வளரும் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளைக் காட்டிலும் வினைச்சொற்களை முன்னதாகவும் அதிகமாகவும் பேசுகிறார்கள் என்று 1990-களில் ஆய்வுகள் வந்தன. அந்த மொழிகளிலும் பெயரை விட்டுவிட்டு வினையை மட்டும் சொல்லும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்துக்காகத் தயாரிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியலை அப்படியே பெயர்த்துத் தமிழ்க் குழந்தையிடம் நீட்டுவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. யானை, சிங்கம், ஒட்டகம் என்று நூறு பெயர்கள் தெரிந்தாலும் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு வாக்கியம் செய்ய முடியாது. "போ" என்ற ஒரு வினை வந்துவிட்டால் "அப்பா போ", "பூனை போ", "மழை போ" என்று அது எதனோடும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் மகளிடம் வா, போ, இந்தா ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன என்பது நல்ல முதல்.

ஆகவே வேலை செய்யும்போது அந்த வேலைக்குரிய வினையைச் சொல்லுங்கள். துணி மடிக்கும்போது "மடி, மடி... மடிச்சாச்சு", வாளி நிரம்பும்போது "ஊத்து... ரொம்பிடுச்சு, போதும்". செய்கை, ஒலி, பொருள் மூன்றும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் விளக்கமே தேவைப்படுவதில்லை.

புத்தகம் படித்துக் காட்டுவதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அதைக் கட்டாயம் தொடங்குங்கள். ஆனால் தமிழ்ப் புத்தகத்தில் ஓர் இடறல் இருக்கிறது. படத்தின் கீழே "நாய் ஓடுகிறது" என்று அச்சிட்டிருப்பார்கள். குழந்தையின் காது வீட்டில் "நாய் ஓடுது" என்றே கேட்டுப் பழகியது. பேச்சே இன்னும் பிடிபடாத குழந்தைக்கு அச்சில் உள்ளதை அப்படியே வாசித்தால், ஒரே செய்கைக்கு இரண்டு வடிவங்களாகி விடுகின்றன. இந்தக் கட்டத்தில் எழுத்தை மறந்துவிட்டுப் படத்தைப் பேச்சுத் தமிழில் பேசுங்கள் என்பதே என் கருத்து. கதையின் மீது ருசி வந்து, "அப்புறம்?" என்று கேட்கத் தொடங்கியபின் எழுத்துத் தமிழை அதன் ஓசையோடு வாசித்தால், கதைக்கென்று ஒரு தனி மொழி இருப்பதைக் குழந்தைகள் வியக்கத்தக்க விதமாகத் தாமே கண்டுகொள்கிறார்கள். தமிழாசிரியன் இப்படிச் சொல்வதா என்று சக ஆசிரியர்கள் என்னைக் கடிந்துகொண்டதுண்டு. நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரே புத்தகத்தையே தினமும் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். 3 வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பவும், சிலருக்குப் புதுப்புதுக் கதைகளையும் படித்துக் காட்டி 2011-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். இரு சாராரும் அந்தப் புதிய சொற்களைக் கேட்ட எண்ணிக்கை சமமாக இருந்தும், ஒரே கதைகளைக் கேட்டவர்களே அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள், பழகிய பக்கத்தில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள். "குட்டி நாய் வேகமா..." என்று நீங்கள் நிறுத்தினால், மிச்சத்தை நிரப்பாமல் அவளால் இருக்க முடியாது.

உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். "பழம்" என்பதைப் "பயம்" என்றால், "ஆமாம், பழம்! பெரிய பழம்" என்று சரியான வடிவத்தை நீட்டித் திருப்பிக் கொடுத்தால் போதும். ழகரமும் றகரமும் கடைசியில் வந்து சேர்பவை. பெரியவர்களுக்கே முழுதாக வராத ழகரத்தை 22 மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

மறுமொழி: புதுத்தந்தை

இத்தனை விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. கேட்புச் சோதனைக்கு முன்பதிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. இரு மொழிகளில் ஒன்றை நிறுத்த வேண்டுமா என்பது ஒன்று. காணொளிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பது மற்றொன்று. அவற்றிலிருந்து அவள் சில சொற்களைக் கற்றுக்கொள்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிவப்பு நிறம் வரும்போது திரையைத் தொட்டு ஏதோ சொல்கிறாள்.

பதில்: காதும்நாவும்

மொழியை நிறுத்த வேண்டாம். இரண்டு மொழிகள் பேசுவதால் மொழித்தாமதம் உண்டாவதில்லை. இருமொழிக் குழந்தையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும்; இரண்டையும் கூட்டினால் ஒருமொழிக் குழந்தைகளின் அளவுக்கு வந்துவிடும். ஒரே வாக்கியத்தில் இரு மொழிச் சொற்களையும் கலந்தால் அதைக் குழப்பம் என்று எண்ண வேண்டாம், கையில் இருக்கும் எல்லாக் கருவிகளையும் பயன்படுத்துகிறாள் என்றே பொருள். உங்கள் மனைவி தமக்குச் சரளமாக வராத மொழியில் மகளிடம் பேசத் தொடங்கினால், கொஞ்சலும் கிண்டலும் கதையும் குறைந்து கட்டளைகள் மட்டுமே மிஞ்சும். அந்த இழப்புதான் பெரிது.

காணொளிக்கு வருகிறேன். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து 12 முறை விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைக் கண்டுகொண்டன. அதே நபர்களைத் திரையில் பார்த்த குழந்தைகளும், ஒலியை மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் கற்கவில்லை. அதே முகம், அதே குரல்தான். ஆனால் திரையிலுள்ள முகம் குழந்தை சிரித்தால் சிரிப்பதில்லை, குழந்தை பார்க்கும் திசையைப் பார்ப்பதும் இல்லை. 2010-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, சொற்களைக் கற்பிப்பதாக விற்கப்பட்ட ஒரு காணொளியை 4 வாரங்கள் காட்டியது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட அதிகச் சொற்களைக் கற்கவில்லை. காணொளியே இல்லாமல் பெற்றோர் தாமாகச் சொல்லித் தந்த குழந்தைகளே அதிகம் கற்றார்கள். இதில் உங்களுக்கான குறிப்பு ஒன்றும் இருக்கிறது: அந்தக் காணொளி பிடித்திருந்த பெற்றோர், தம் பிள்ளை அதிலிருந்து உண்மையில் கற்றதைவிட அதிகம் கற்றதாக நம்பினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 2 வயதுக்கு முன் திரை முன் அமர வைப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை. 2 வயது முதல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. தாத்தா பாட்டியோடு காணொளி அழைப்பில் பேசுவது வேறு. அங்கே எதிரில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார். யாருமே பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வொன்றில், தொலைக்காட்சி கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையின் காதில் விழும் பெரியவர் பேச்சு 770 சொற்கள் குறைந்திருந்தது. அது ஓடும்போது நாம் வாயடைத்துப் போகிறோம் என்பதே அதன் பொருள்.

கரும்பலகை ஐயா வினைச்சொற்களைப் பற்றிச் சொன்னதை நான் என் சிகிச்சையறையில் நாள்தோறும் பார்க்கிறேன். பேச்சுத் தமிழில் மட்டுமே புத்தகத்தைப் பேச வேண்டும் என்பதில் எனக்கு அவர் அளவுக்கு உறுதி இல்லை. சில குழந்தைகள் எழுத்துத் தமிழின் சந்தத்துக்காகவே ஒரு பக்கத்தைத் திரும்பக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். எது அவளை மடியில் உட்கார வைக்கிறதோ அதைச் செய்யுங்கள்.

பதில்: சன்னலோரம்

நான் சற்று மாறுபட்டு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்த இழையைப் படிக்கும்போது, ஒவ்வொரு நொடியையும் எண்ணி, ஒவ்வொரு டப்பா மூடியையும் பாடமாக்கும் வீடு கண்முன் வருகிறது. என் மகள் விஷயத்தில் நான் அப்படித்தான் ஆகிப்போனேன். நான் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்போது என் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பைக் கண்டே அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். குளிப்பாட்டும்போதும் படியேறும்போதும் காத்திருந்தால் போதும். மற்ற நேரம் சேர்ந்து சிரித்துக்கொண்டிருங்கள்.

மறுமொழி: புதுத்தந்தை (5 வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதியவர்களுக்கு நிலவரத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்புச் சோதனையில் இரண்டு காதுகளும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். சிகிச்சையாளர் மதிப்பீடு செய்து, புரிதல் வயதுக்கேற்ப இருக்கிறது, பேச்சில் மட்டும் தாமதம் உள்ளது என்று கூறி, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை எங்களுக்கே பயிற்சி தருகிறார். குழந்தைக்குப் பயிற்சி தருவார் என்று நினைத்துப் போனோம். பெரும்பகுதி நேரம் என்னைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறார்.

குளிர்சாதனப் பெட்டித் தாளில் முதல் வாரமே 12 என்பது 23 ஆகிவிட்டது. சொற்கள் கூடவில்லை, நாங்கள் கேட்கத் தொடங்கினோம், அவ்வளவே. என் மனைவியின் மொழியில் மட்டும் 7 சொற்கள் இருந்தன. அவற்றில் இரண்டு எனக்கே தெரியாது. நேற்றுவரை தாளில் 41 இருக்கின்றன. படஅட்டைகள் இப்போது அவளுடைய பொம்மை வண்டியில் சரக்காக ஏறி இறங்குகின்றன. "போடு", "விழுந்து" இரண்டும் அந்த வண்டியிலிருந்து வந்தவை. தொலைக்காட்சியை அணைத்து வைப்பதில் குழந்தையைவிட வீட்டுப் பெரியவர்களைச் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது.

டப்பா விளையாட்டு இருபத்தோராவது முறையில் பலிக்கவில்லை. அறுபதைத் தாண்டியிருக்கும். சென்ற வியாழக்கிழமை டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே "தொய" என்றாள். நேற்றுக் காலையில் "அப்பா தொய" என்றாள். தாளில் அதை ஒரு சொல்லாக எழுதுவதா, இரண்டாக எழுதுவதா என்று எனக்கும் மனைவிக்கும் விவாதம் நடக்கிறது.

பதில்: காதும்நாவும்

மிக்க மகிழ்ச்சி. "அப்பா தொய" என்பதை நீங்கள் பேசியதிலிருந்து ஒரே துண்டாகப் பிடித்திருந்தால், அது இப்போதைக்கு ஒன்றுதான். டப்பாவை அம்மாவிடம் கொண்டுபோகும்போது என்ன சொல்கிறாள் என்று கவனியுங்கள். "அம்மா தொய" என்றால் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்திருக்கிறாள். இரண்டாக எழுதி, பக்கத்தில் தேதியையும் குறித்துவையுங்கள்.